இடது காதில் ஒரு விசில்

பிப்ரவரி 9
கார் கம்பெனியின் பிரெஸ் ஷாப்பில் காலை ஷிப்ட், எட்டு மணி நேரமும் தகடு அடிக்கும் இடிச் சத்தம். அறைக்கு வந்ததும் வயலினை எடுத்தேன். ஸ்ரீபெரும்புதூர்க் கோவில் சித்திரை உற்சவத்தில் உமாதேவி அக்கா பாட, நான் பக்கவாத்தியம். இந்த ஊருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து ஏங்கிய மேடை. அறைத்தோழன் முப்பிடாதி கிடாரை ஆம்ப்ளிஃபயரில் செருகி, நாங்கள் தங்கியிருக்கும் மண்ணூரையே அதிரவைத்தான். "ராக்குல யோசிக்கக் கூடாதுல. அடி, அம்புட்டுதான்." மடையன். ஆனால் நன்றாக அடிக்கிறான்.

பிப்ரவரி 23
ஒத்திகை. அக்கா பாதியில் நிறுத்தினார். "இன்னா நம்பி இது? தம்புரா ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் போயினு இருக்கீங்க." நான் தம்புராவோடுதான் இருந்தேன். சத்தியமாக.

பிப்ரவரி 24
கண்டுபிடித்துவிட்டேன். இடது காதில் ஒரு விசில் — சன்னமாக, விடாமல். தம்புரா என்று நினைத்து அதற்குத்தான் சுருதி சேர்த்திருக்கிறேன்.

மார்ச் 6
காது டாக்டர்: "பிரெஸ் சத்தத்துல நரம்பு போயிருக்கு. இது நிக்காது தம்பி, பழகிக்குங்க." எதைப் பழக?

மார்ச் 8
சத்தமில்லாத பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். சூப்பர்வைசர், "ஆளு இல்லப்பா."

மார்ச் 15
முப்பிடாதி அவனுடைய கம்பெனி பேண்ட் ஒத்திகைக்கு இழுத்துப்போய், ஒரு கிடாரைக் கையில் திணித்தான். டிரம்ஸ் தொடங்கியதும் விசில் காணவில்லை! கிடாரின் கழுத்தில் குறுக்கே கம்பி பதித்திருக்கிறார்கள். விரலை வைத்தால் ஸ்வரம் வந்துவிடுகிறது. வயலினுக்கு அது கிடையாது, காதுதான் இடம் காட்டணும். தம்புராவுக்கு முன்னால் ஒளியவும் முடியாது. ராக் மட்டம் என்று எத்தனை தடவை பேசியிருக்கிறேன்! மட்டமில்லை. என்னை மாதிரி ஆளையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனா எனக்கு வேண்டியது இது இல்லையே — காம்போதி ராகத்தை மெதுவா இழுத்து, ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல நிக்கணும்... அழுகையா வருது. நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 29
அக்கா போன் செய்தார். "கோச்சிக்காதீங்க நம்பி. உற்சவத்துக்குக் கனிஷ்காவ வாசிக்கச் சொல்லிட்டேன். எனக்கு வேற வழி தெரில." அழுதார். "பரவால்லக்கா" என்றேன். பரவாயில்லையா?

ஏப்ரல் 21
கம்பெனி ஆண்டு விழா. இதே நேரம் ஸ்ரீபெரும்புதூர்க் கோவிலில் அக்கா பாடிக்கொண்டிருந்திருப்பார். நான் ஒரகடத்தில், கம்பெனி மேடையில், முப்பிடாதியின் பேண்டில் கிடாரோடு. கடைசிப் பாட்டு முடிந்து டிரம்ஸ் நின்றது. என் கை நிற்கவில்லை. நிறுத்தினால் அந்த விசில் வந்துவிடும். அடித்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் எழுந்து கைதட்டியது. "நம்பி! நம்பி!" என்று பிரெஸ் ஷாப்பே கத்தியது. சூப்பர்வைசர் மொபைலில் படம் பிடித்தார். நான் நிறுத்த முடியாமல்தான் அடிக்கிறேன் என்று முப்பிடாதிக்கு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் வந்து, "போதும்ல, விட்ரு" என்று என் விரல்களைத் தந்தியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.