புறக்கோட்டைக் கடையில் மூக்கன் மவன்

டயகம,
ஐப்பசி, 1962.

அன்பு அத்தானுக்கு,

நாகலெட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் மாமாவும் சுகம். திருகோணமலை வேலை முடியும்வரை கொழும்புப் பக்கம் போக முடியாது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் குளிர் மிஷின் போட்டுக் கொடுத்த அந்தப் புறக்கோட்டைத் துணிக்கடையின் தீபாவளிக் கூட்டத்தை நினைத்து அங்கே சோறு இறங்காமல் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

தனியாக இல்லை. மாமாவும் வந்தார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேலையை வேண்டாமென்று நீங்கள் கொழும்புக்குப் போன நாளிலிருந்து உங்கள் பெயரையே சொல்லாதவர், நான் பையை எடுத்ததும் கோட்டை மாட்டிக்கொண்டார். "அந்தக் கூட்டத்துல ஒத்தப் பொம்பளயா எப்படிப் போவ?" அவ்வளவுதான். ரயில் றொசல்ல ஸ்டேஷனைத் தாண்டியதும், "குளிரக் காசு குடுத்தா வாங்குறானுக? நம்ம லயத்து வீட்டுக்கு வந்தா சும்மாவே அள்ளிக்கிட்டுப் போகலாமே" என்று சிரித்தார்.

சோமசுந்தரம் முதலாளிக்கு ஹட்டனிலும் ஒரு கடை இருக்கிறதே, அதெல்லாம் அவருடைய இந்தக் கடைக்கு முன்னால் ஒன்றுமில்லை. இரண்டு மாடியிலும் தலைக்கு மேல் தலை. எதிர்க்கடையைவிடப் பெரிய மிஷின்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தாராமே. அவ்வளவு பெரியது சட்டென்று குளிர்ந்து சட்டென்று நின்றுவிடும், காற்றில் ஈரம் தங்கிப் பட்டில் மக்கிய வாடை ஏறும் என்று நீங்கள் மறுத்து, அதைவிடச் சின்னதையே போட வைத்தீர்கள். புழுங்குகிறது என்று ஒரு ஆள் சொன்னாலும் உங்கள் வேலை போய்விடும் என்று கம்பெனித் துரை சொல்லிவிட்டார். படியேறும்போது இதுதான் மனதில் ஓடியது.

ஒருவரும் வியர்வை துடைக்கவில்லை, அத்தான். மேற்குப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே நீங்கள் சொன்ன வெயில் மறைப்பைப் போட்டிருக்கிறார்கள். பட்டு அடுக்கில் மூக்கை வைத்தே பார்த்தேன், புதுத்துணி வாசம்தான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அயர்ந்து தூங்குகிறான், எழுந்து போக மனமில்லை என்றாள்.

அப்போது விற்பனைக்காரர் ஒருவர், "எங்க முதலாளியே பார்த்து எடுத்த மிஷின்" என்று யாரிடமோ பெருமை பேசினார். மாமா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"வாங்குனது அவரா இருக்கலாம். சன்னல் எத்தன, லைட்டு எத்தன, தீவாளிக்கு எம்புட்டுச் சனம் வரும்னு எண்ணி, இந்தக் கட்டடத்துக்கு இது போதும்னு கணக்குப் போட்டவன் எம் மவன். டயகம மூக்கன் மவன் கணேசமூர்த்தி!"

கடையே திரும்பிப் பார்த்தது. உங்கள் கடிதங்களை நான் சத்தமாகப் படிக்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பார். எல்லாம் காதில் விழுந்துதான் இருக்கிறது!

முதலாளி எழுந்து வந்து மாமாவுக்கு நாற்காலி போட்டார். "உங்க மகன் எங்கிட்ட மல்லுக்கு நின்னது நல்லதாப் போச்சுங்க. கம்பெனிக்கு நானே சொல்றேன்" என்றார். இனி உங்கள் வேலைக்குப் பயமில்லை. மாமா கால்மேல் கால் போட்டுச் சோடா குடித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊர் திரும்பிய மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா வரும்வரை இதே கதைதான்.

எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. நான் கடிதம் எழுத உட்கார்ந்ததும் லாம்பை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, திருகோணமலையிலிருந்து வர எத்தனை ரயில் மாற வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

வேலை முடிந்ததும் கொழும்பில் தங்காமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். அவர் வா என்று சொல்லமாட்டார். நீங்கள் வாருங்கள்.

மாரியம்மன் காவலில் நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

வழி பார்த்திருக்கும்,
நாகலெட்சுமி