சாவடி தாண்டிய பற்றரி

மாசி 12, செவ்வாய்

கோபத்தில் நித்திரை வரவில்லை. ஆஸ்பத்திரி கொம்பியூட்டருக்குப் புது மதர்போர்ட் வாங்கத் திருகோணமலைக்குப் போனேன். "அதிலை இருக்கிற பற்றரியைச் சோதிச்சுத் தாங்கோ" என்றேன். "புதுச் சாமான் ஐயா, சோதிக்க என்ன கிடக்கு?" என்று கடைக்காரன் சிரித்தான்.

குண்டு செய்ய உதவும் என்று, எங்கள் ஈச்சிலம்பற்றுக்குச் சுவர்க்கடிகாரப் பற்றரிகூடக் கொண்டுவர ஆமிக்காரர் விடமாட்டார்கள். சோதனைச்சாவடியில் சிப்பாய் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பற்றரி இதோட சேர்ந்து இருக்கு, அதால விடுறன். தனிய எண்டா எடுப்பன்" என்றான்.

இங்கே வந்து போர்டைக் கொம்பியூட்டரில் பூட்டினால் பற்றரி செத்துக் கிடக்கிறது. மெசினை நிறுத்தியதும் திகதி அழிகிறது. எந்தப் பிள்ளைக்கு எப்போது தடுப்பூசி என்று அந்தத் திகதியை வைத்துத்தான் அது காட்டும்; இனி எப்படிப் பார்ப்பது?

"வேற பற்றரி போட ஏலாதோ ஐயா?" என்று தாதி கேட்டார்.

இத்தனை மாதத்தில் ஆமிக்காரர் சாவடியில் விட்ட ஒரே பற்றரி இது. அதையும் அந்தக் கடைக்கார மனிசன் செத்ததாய்ப் பார்த்துத் தந்திருக்கிறான்.