கிளினிக் வாசலில் எடை மெஷின்

ஐப்பசி 9, ஞாயிறு
விடாத தூறல். கொடியில் துணி காயவில்லை. மனைவி ருக்மிணிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், வறட்டு இருமல். கோயில் வரிசையில் பக்கத்தில் நின்றவள் இருமிக்கொண்டே இருந்தாளாம். டாக்டரிடம் போகலாமா என்றேன்.

“மாட்டேன். தும்மினாக்கூட மெஷின்ல ஏத்தறா.”

சித்திரையில் நடந்ததை அவள் மறக்கவில்லை. கிளினிக் வாசலிலேயே எடை மெஷின். நர்ஸ் பெண் கிலோவை உரக்கச் சொல்ல, உள்ளே இருந்தவள் எழுதிக்கொண்டாள். பெஞ்சில் ஒருவர், “மெஷின் தாங்கிச்சே, அதுவே பெரிசு” என்றார். சிரிப்பு. ருக்மிணியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள். அதன் பிறகு முட்டிவலிக்குக்கூடப் போகவில்லை.

திங்கள்
மழை இல்லை. புழுக்கம். நானே மிளகு சீரகம் தட்டிப்போட்டுச் சாத்தமுது வைத்தேன். உப்பு அதிகம். ஒன்றும் சொல்லாமல் பாதியை வைத்துவிட்டாள். குறை சொல்லாததுதான் கவலை.

மூச்சு வாங்குகிறது. மாடி ஏறினால் எப்போதும் வாங்கும், பழகிய சத்தம். மத்தியானம்தான் உறைத்தது. இன்று மாடி ஏறவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியைத் தேடி எடுத்தேன். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கே.கே. நகரில் இருக்கும் மகளுக்குப் போன். “அம்மா உடம்புக்கு இதெல்லாம் சட்டுனு நெஞ்சுல எறங்கிடும்ப்பா. அவளைக் கேட்டுண்டு நிக்காதே, கூட்டிண்டு போ.”

கேட்காமல் எதுவும் செய்து பழக்கமில்லை. கேட்டேன்.

“கிலோவைக் கத்தப்படாதுன்னு அவாகிட்ட சொல்வேளா?”

“சொல்றேன்.”

“நீங்களா!” சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது.

ஆட்டோவில் வாக்கியத்தை மாற்றி மாற்றி அமைத்தேன். ‘தயவுசெய்து’ முதலிலா, கடைசியிலா? கிளினிக்கில் பெஞ்ச் நிறைய ஆள். “ஏறுங்கம்மா” என்றாள் நர்ஸ் பெண். ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை. “வாயைத் தொறக்காம எழுதிக்கோம்மா!” என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சரிங்க ஐயா. அதுக்கு ஏன் சத்தம் போடறீங்க?”

பேசாமல் எழுதிக்கொண்டாள்.

டாக்டர்: “வைரஸ் காய்ச்சல்தான். எடை அதிகமா இருக்கறவங்களுக்கு சீக்கிரம் முத்திடும். ஆக்ஸிஜன் கம்மியா இருக்கு, இன்னைக்கே சேர்த்துடுங்க. மருந்து மொதல்லயே ஆரம்பிச்சிருந்தா நல்லது. நேத்தே ஏன் வரலை?”



செவ்வாய்
ஆஸ்பத்திரி, காவிரிக்கு அந்தப் பக்கம். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். மாத்திரை தொடங்கியாயிற்று. பலன் இருக்கும், பார்க்கலாம் என்கிறார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாம். வற்புறுத்தியிருக்கலாம். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.
மகளை வரச் சொல்ல வேண்டும். துண்டு, டம்ளர், ருக்மிணியின் கண்ணாடி எடுத்து வரணும்.

வெள்ளி
வெயில். இரண்டு நாளாக எழுத முடியவில்லை.
காலையில் கேன்டீன் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “இது காபியா, கழுநீரா? ஏன்னா, இதை எப்படி வாங்கிண்டு வந்தேள்?” என்றாள். அப்பாடா.

குழாயை எடுத்துவிட்டார்கள். கிளினிக் டாக்டரே இங்கேயும் வந்து பார்த்தார். “நாளைக்கு வீட்டுக்குப் போகலாம். அடுத்த வாரம் கிளினிக்குக்கு வாங்க.”

ருக்மிணி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“வருவோம் டாக்டர். அந்த மெஷினை மட்டும் உள்ளே தள்ளி வெச்சா நன்னாருக்கும்” என்றேன். இந்தத் தடவை கத்தவில்லை. கத்தாததால் அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நாளை மறுபடி சொல்ல வேண்டும்.