எதிர்வினை: பூஜ்யம்

நாள் 1, 10:20
வடமுனைத் தளம், நிலா. தோல் பராமரிப்பு அறை. பதிவு செய்பவர் உமையாள். எனக்குப் பிறகு இந்த அறைக்கு வருபவருக்காக எழுதுகிறேன்.

பூமியிலிருந்து மெருகுப் படலம் வந்து சேர்ந்தது. உயிருள்ள பூச்சு. இங்குள்ள வறண்ட காற்றில் வெடிக்கும் தோலை மூடி, பளபளப்பாக்கும். பூசும்போது மை போலக் கறுப்பாக இருக்கும், மூன்று மணி நேரத்தில் தோல் நிறத்துக்கு மாறிவிடும். பொங்கலுக்கு முன்னால் எல்லோருக்கும் வேண்டுமாம்.

முதலில் சோதனை. காதுக்குப் பின்னால் பருப்பளவு தடவி, நாற்பத்தெட்டு மணி நேரம் நனைக்கக் கூடாது. எதுவும் இல்லையென்றால் பூஜ்யம். சிவந்தால் ஒன்று, வீங்கினால் இரண்டு, கொப்புளம் வந்தால் மூன்று. பூஜ்யம் வாங்கியவருக்கு மட்டும் முழுப்பூச்சு. இன்று எட்டுப் பேருக்குத் தடவினேன்.

தளிர் என் மடியில். பத்து மாதம். என் அடையாள அட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

பனிச்சுரங்கத்திலிருந்து என் கணவர் கதிரேசன்: "ஏ உமையா, புள்ளைக்குப் பொட்டு வச்சியா? திரையில பாக்கும்போது எனக்கே கண்ணு பட்டுரும்போல இருக்கு. மை தீந்துபோச்சுன்னு சாக்குச் சொல்லாத, எதையாவது வையி."

நாள் 3, 11:05
ஏழு பேருக்குப் பூஜ்யம். முழுப்பூச்சு முடிந்தது. ஒருவருக்கு மட்டும் மூன்று: தோண்டும் வண்டி ஓட்டும் ஜெயசீலி அக்கா. காதுமடல் வெற்றிலை போல வீங்கி, நீர் கோத்திருந்தது. கழுவினேன், குளிர்ந்த துணி வைத்தேன், "தகுதியில்லை" என்று எழுதினேன். நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா என்று மூன்று முறை விதிகளைப் புரட்டிப் பார்த்தேன்.

ஜெயசீலி: "ஏட்டி, தகுதியில்லன்னு எழுதுனியாமே! பொண்ணு பாக்கவா வந்திருக்காவ? சமையக்கட்டு வடிவு மூஞ்சி மட்டும் குத்துவிளக்கு மாதிரி மின்னுது. எனக்குக் காது பணியாரம். நல்லா இருப்பட்டி நீ."

நாள் 9, 09:15
சமையலறையிலிருந்து வடிவு அக்கா: "உமையா, கை அடுப்புல பட்டு வெந்துபோச்சு, கேட்டியா. வாடை வந்தப்பொறவுதான் பாத்தேன். ஒரு பொட்டு வலி இல்ல. உன் மருந்து சூப்பரு போ."

ஓடினேன். உள்ளங்கை வெள்ளையாக வெந்திருந்தது. அவர் சிரித்தபடி மறு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ஏழு பேரையும் ஊசியால் தொட்டுப் பார்த்தேன். முகத்தில் உணர்வு இல்லை, கையில் இல்லை, பூசாத கழுத்திலும் இல்லை. கரைப்பானுக்குப் படலம் அசையவில்லை. எவருக்கும் அதில் கவலையும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஜெயசீலிக்குப் புண் ஆறி, படலம் செத்து உதிர்ந்துவிட்டது. ஊசி பட்டதும் என்னைத் திட்டினார்.

நாள் 9, 15:40
இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

முதல் நாள் கதிரேசன் பொட்டு வைக்கச் சொன்னபோது மை இல்லை. சோதனைக் கிண்ணத்தின் அடியில் மிச்சம் ஒட்டியிருந்தது, கறுப்பாக. அதைத் தொட்டுத் தளிரின் கன்னத்தில் பொட்டு வைத்தேன். மதியத்துக்குள் மறைந்துவிடும். அழிந்துவிட்டது என்று நினைத்து மறுநாள் மறுபடி வைத்தேன். ஒன்பது நாள். நான் வேதியியல் படித்தவள். எட்டுப் பேருக்குச் சோதனை செய்தவள். என் பிள்ளைக்குச் செய்யவில்லை. பொட்டுத்தானே என்று.

கன்னத்தில் சிவப்பு இல்லை. வீக்கம் இல்லை. ஊசி முனையால் தொட்டேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாள் 10, 08:30
டாக்டர் மரியதாஸ்: "கப்பல் வர நாப்பத்தோரு நாள் ஆகும்மா. ஒண்ணு மட்டும் தெளிவா தெரியுது. சொறி வந்தவங்க உடம்பு சண்டை போட்டிருக்கு. ஒண்ணும் வராதவங்க உடம்பு கதவத் தொறந்து விட்டுருச்சு. நாமதான் தலைகீழா மார்க் போட்டிருக்கோம்."

என் உடம்பு சண்டை போட்டால் அந்த எதிர்ப்பு பாலில் தளிருக்குப் போகுமா என்று கேட்டேன்.

"போகும்னு சொல்ல மாட்டேன். போகாதுன்னும் சொல்ல மாட்டேன்."

08:52. என் இடது முழங்கையில் உள்ளங்கையளவு பூசிக்கொண்டேன்.

நாள் 12, 07:10
மூன்று! கை முழுக்கக் கொப்புளம். எரிகிறது. இவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

தளிருக்கு மரத்துப்போனது தாடை வரை வந்துவிட்டது. இரண்டு மணிக்கு ஒரு தரம் பால் கொடுக்கிறேன். உதட்டில் உணர்வு குறைந்து, பால் வழிகிறது. ஜெயசீலி வந்து பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கிறார்.

நாள் 13, 16:25
காய்ச்சல் 103. எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும்.

கன்னத்து ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. நகக்கீறல் அளவு. கற்பனையா என்று ஜெயசீலியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தொட்டதும் தளிர் வீறிட்டாள். அழுதாள். அழுதாள்! ஒன்று. தளிருக்கு ஒன்று.

எனக்குத் தொண்டை வீங்குகிறது. ஊசி போட வருவார்கள் என்று அறைக் கதவை உள்ளே பூட்டிவிட்டேன். டாக்டர் வாசல் ஒலிபெருக்கியில்: "ஒவ்வாமைய அடக்குற ஊசி போட்டாகணும். மூச்சு அடைச்சிரும். கதவத் தொற."

போட்டால் என் சண்டை நின்றுவிடும். பாலும் வெறும் பால். இன்னும் ஒரு நாள் தாருங்கள் என்றேன்.

ஜெயசீலி என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்க

நாள் 16, 10:00
நினைவிழந்த நிலையில் ஊசி போடப்பட்டிருக்கிறது. முறையான சிகிச்சை. வீக்கம் இல்லை. அரிப்பு இல்லை. முழங்கைப் படலம் தோளைத் தாண்டி நன்றாகப் பிடித்திருக்கிறது.

தளிரின் கன்னம்: சிவப்பு இல்லை. நேற்றிலிருந்து அழவில்லை. நல்ல பிள்ளை.

முந்தைய பதிவுகளை வாசித்தேன். எழுதியவள் ஏன் இவ்வளவு பதறினாள் என்று விளங்கவில்லை.

விழித்ததும் டாக்டரையும் ஜெயசீலியையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினேன். ஜெயசீலி வாசல் ஒலிபெருக்கியில்: "உமையா, புள்ளைய எங்கிட்ட குடுட்டி. மக்கா, உன் கால்ல விழுதேன். கதவத் தொறட்டி."

விதியில் ஒரு திருத்தம். பொங்கலுக்கு முன் இன்னும் ஐம்பத்தைந்து பேர் பாக்கி. காதுக்குப் பின்னால் தடவிக் காத்திருப்பது வீண். முதலில் ஒவ்வாமையை அடக்கும் ஊசி, பிறகு பூச்சு. எல்லோருக்கும் பூஜ்யம் வரும்.

ஜெயசீலியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கதவைத் திறக்கப் போகிறேன்.