கோட்டுக்கு மேல் ஊற்றிய தண்ணீர்

என் அருமை மகளுக்கு,

பள்ளி விண்ணப்பங்களில் ‘தந்தை அல்லது பாதுகாவலர்’ என்ற இடத்தில் பன்னிரண்டு வருடம் கையெழுத்துப் போட்ட உரிமையில் உன் சித்தப்பா எழுதுவது. நான் நலம், உன் சித்தி கடந்த ஐந்து நாளாக நலம், அதற்கு முந்தைய ஒரு வாரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ நலமா, அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா. கடையில் இருக்கிற ஆகப் பெரிய லாரி பேட்டரியின் மேல் வலது கையை வைத்து உறுதி கூறுகிறேன், இனி வரப்போவது எவரும் நம்பமாட்டாத கதை, நீயும் நம்பாமல் இருந்தால் எனக்குப் பேருதவியாக இருக்கும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் இப்போதெல்லாம் போனில் முகம் தெரிந்துவிடுகிறது. சித்தி தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், அங்கே சிக்னல் கிடைக்காது என்று போன வாரம் சொன்னேனே, அது பொய். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பதறாதே, இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து அச்சகத்துப் புரூஃப் திருத்திக்கொண்டிருக்கிறாள், சற்றுமுன்கூட, "நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா? நான் எழுதினா நாலே வரிதான், அதுல உங்களுக்கு மரியாதை இருக்காது" என்று குரல் கொடுத்தாள். அதனால்தான் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூல காரணம் நீதான் என்று ஆரம்பித்து, எழுதி, அடித்துவிட்டேன், மேலே பார், அடித்த கறை தெரியும். மூன்று மாதம் முன்பு உன் ஆராய்ச்சி என்னவென்று நான் கேட்டபோது நீ பொறுமையாகச் சொன்னாய். ஒரு துளித் தண்ணீருக்குள் எண்ணி மாளாத மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆக்சிஜன் இரண்டு ஹைட்ரஜன், ஆக்சிஜன் பக்கம் லேசாக மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் லேசாக பிளஸ், அதனால் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும், உப்பைக் கண்டால் நடுவே புகுந்து இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் சூழ்ந்துகொண்டு கூட்டிப்போகும், உயிருள்ள எதற்குள்ளும் நடக்கிற வேலை அத்தனையும் இந்தத் தண்ணீருக்குள்தான் நடக்கிறது என்றாய். பிளஸ் மைனஸ் என்ற வார்த்தைகள் காதில் விழுந்ததுமே எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, முப்பது வருடம் பேட்டரியோடு குடும்பம் நடத்தியவன் இல்லையா. "இனிமேதான் முக்கியமான விஷயம் சித்தப்பா, உப்பு எவ்வளவு இருக்கணும்னா..." என்று நீ தொடங்கினாய், வாசலில் ஒரு வேன்காரர் ஹாரன் அடித்தார், "புரிஞ்சுடுச்சும்மா, எல்லாம் புரிஞ்சுடுச்சு" என்று வைத்துவிட்டேன். பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு ஒரு சாம்ராஜ்யமே கட்டினேன்.

மறுநாளே தெருவுக்கு நான்தான் தண்ணீர்ப் பேராசிரியர். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து மூலக்கூறு சொல்லி, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறோமோ அவ்வளவு ஆரோக்கியம் என்றேன். என் மருத்துவத்தில் எதிர்க்கடை டெய்லர் பத்தே நாளில் இருபது வயதாகிக் கண்ணாடி இல்லாமல் ஊசி கோத்தார், சாவி செய்கிறவரின் வழுக்கையில் புல் முளைத்து இரண்டு ஆடு மேய்ந்தது. வீட்டிலோ உன் சித்திக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை, உப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருந்தார்கள், கொஞ்சம் என்பது நமக்குத் தெரியாத அளவாயிற்றே, நான் உப்பு டப்பாவையே கடைக்குத் தூக்கிப்போய் ஒளித்துவிட்டேன். பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரைக் கேன் கேனாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன், "பேட்டரிக்கே இதுதான், உனக்குப் போய்க் கண்ட தண்ணியக் குடுப்பேனா" என்று பெருமை வேறு. சுவரில் நேர அட்டவணை ஒட்டி, ஜக்கைக் கையில் கொடுத்துக் குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பேன். "நான் மனுஷியா, மேல்மாடித் தொட்டியா? போதுங்க" என்பாள், "இதுதான் கடைசி ஜக்" என்பேன், அப்படி ஒரு நாளைக்கு ஏழு கடைசி. அவள் ஏன் குடித்தாள் என்று ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டேன். நீ கிளம்பிப் போனதிலிருந்து வீட்டில் என் சத்தமே இல்லையாம், உன் பெயரைச் சொல்லித்தான் மறுபடி வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தேனாம், அதைக் கெடுக்க மனசு வரவில்லையாம். 

முதலில் தலைவலி என்றாள், ஒரு ஜக் கொடுத்தேன். குமட்டுகிறது என்றாள், இன்னொரு ஜக் கொடுத்தேன். நான்காம் நாள் காலையில் புரூஃப் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பத்தடி தூரத்திலிருந்து விட்டுப்போன புள்ளியைக் கண்டுபிடிக்கிறவள். தாளை நேராக்கிக் கொடுத்தேன், மறுபடி திருப்பிக்கொண்டு, "கடை திறந்தாச்சா, நீங்க யாரு, தண்ணிக் கேன் போட வந்தவரா?" என்று கேட்டாள். எதிர்க்கடை டெய்லருக்குப் போன் போட்டேன். டெய்லர்தான் கடையை அப்படியே போட்டுவிட்டுத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார், அவளுக்குள் அலை அடிக்கிற ஓசை கேட்டு வழியில் இரண்டு மீனவர்கள் வலையோடு பின்னால் ஓடிவந்தார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு டாக்டர் அம்மா என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார், உன் வயதுதான் இருக்கும். ரத்தத்தில் சோடியம் மிகவும் கீழே போய்விட்டதாம். நிறையத் தண்ணீர், சாப்பாட்டில் உப்பு இல்லை, மாத்திரையும் தன் பங்குக்கு உப்பை வெளியேற்றுகிறது. ரத்தம் நீர்த்துப்போனால் தண்ணீர் அங்கே நிற்காது, உப்பு முதலானவை அதிகமாக இருக்கிற பக்கம் தேடி உயிரணுக்களுக்குள் புகுந்துவிடும், அவை வீங்கும், "மத்த இடத்துல வீங்கினா கொஞ்சம் இடம் இருக்கு சார், மூளை எலும்புப் பெட்டிக்குள்ள இருக்கு, அது எங்க போகும்?" என்றார். வடித்த தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்பதல்ல, அளவுதான் தப்பு என்றார், என் கேனின் புகழ்கூட அங்கே எடுபடவில்லை. உப்பையும் ஒரேயடியாக ஏற்றக்கூடாதாம், அவசரப்பட்டால் மூளைக்கு வேறு சேதமாம், மணிக்கொரு தரம் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பேட்டரியின் பக்கவாட்டில் இரண்டு கோடு இருக்கும், மேல் கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஊற்றினால் ஆசிட் நீர்த்துப்போகும், வண்டி நகராது, முப்பது வருடமாக எத்தனை டிரைவர்களை அதற்காகத் திட்டியிருப்பேன். மூன்றாம் நாள் தெளிந்து எழுந்த உன் சித்தி சொன்ன முதல் முழு வாக்கியம், "பேட்டரிக்குன்னா கோடு பாத்து ஊத்துவீங்க, எனக்குக் கோடு தெரியலையா?" என்பது. செவிலியர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன், பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அட்டவணையைக் கிழித்துவிட்டேன், உப்பு டப்பா வீட்டுக்கு வந்துவிட்டது, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்ததைச் சித்தியே வைத்திருக்கிறாள், என்னைத் தொடவிடுவதில்லை. தெருவில் கடை கடையாக ஏறி, நான் சொன்னதைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவந்தேன். சாவிக்காரர், "நான் எங்க அண்ணே குடிச்சேன், நீங்க சந்தோசமா சொன்னீங்க, தலையாட்டினேன்" என்றார். அதற்கும் தலை குனிந்தேன். நீ வேலை மும்முரத்தில் சாப்பிடாமல் இருக்காதே, தாகம் எடுத்தால் குடி, எவனாவது உடம்பைப் பற்றி உற்சாகமாகப் பேசினால் பாதியைத்தான் கேட்டிருப்பான் என்று வைத்துக்கொள்.

ஆடு மேய்ந்ததும் மீனவர் ஓடிவந்ததும் என் சரக்கு என்று உனக்கே தெரியும், அப்படிப் பழகிய வாய் இது. ஆனால் ஒரு சின்ன விஷயம் பாக்கி இருக்கிறது, அது உன் சித்திக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே டாக்டர் அம்மா என்னிடம், "இவங்க நிறைய தண்ணி குடிச்சாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் டெய்லர் நின்றுகொண்டிருந்தார், என் சீடர். "இல்லம்மா, கொஞ்சமாத்தான் குடிப்பா" என்றேன். அதை நம்பித் தலைக்குள் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், அந்த வாசலில் அவளுக்கு வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் வாயைத் திறந்தேன். தண்ணீர் கொடுத்தது அறியாமை, இது அப்படி இல்லை. கடிதத்தை மடிப்பதற்கு முன் பிழை பார்க்கச் சொல்லி அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன், உன் கைக்கு இது வந்திருந்தால் அவள் படித்துவிட்டாள் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மறக்காமல் முதலில் அவளைக் கூப்பிடு, உடம்பு எப்படி இருக்கிறது என்று அவளையே கேள், நடுவில் நான் பதில் சொன்னால், சும்மா இருங்கள் என்று சொல். நீ நீண்ட ஆயுளோடும் தெளிந்த புத்தியோடும் நன்றாக இருக்க மனசார வாழ்த்துகிறேன். சித்தியின் ஆசியை அவளே ஓரத்தில் எழுதுவாள், எழுதியிருந்தால்.

இந்தக் கதையில் கேட்டவர் உடனே நம்பியது "கொஞ்சமாத்தான் குடிப்பா" என்று நான் சொன்ன பொய் மட்டுமே.

இப்படிக்கு,
தலை நிமிராத உன் சித்தப்பா