தனித்தட்டு

பெரம்பலூர்
11.8.2003

அக்கா,

இங்கே காலனியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. அவர் லாரியோடு வடக்கே போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார்.

மாதத்தில் மூன்று நாள் பிரவீணா தனியாகச் சாப்பிடும் அலுமினியத் தட்டை நேற்று பரணிலிருந்து எடுத்தேன். சிலந்தி வலை கட்டியிருந்தது. கடைசியாகச் சித்திரையில் கழுவி வைத்தது.

ரத்தம் குறைவாக இருக்கும் என்று முருங்கைக்கீரை வதக்கிக் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள்.

ஆறாவது படிக்கும்போது, "புள்ள எப்படிம்மா பொறக்குது?" என்று கேட்டாள். எனக்குக் கூச்சம். "தாலி கட்டுனா தானா பொறக்கும், போய்ப் படி" என்றேன். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது பத்தாவதில் அந்தப் பாடம் வந்தபோது, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டாராம்.

கல்யாணமாகாமல் உண்டான தன் தங்கையை அவர் என்ன செய்தார் என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். அவர் வருவதற்குள் இவளை அரியலூருக்குக் கூட்டி வருகிறேன். மாமாவிடம் மஞ்சள்காமாலை என்று சொல்லி வை.

இன்று காலையில் வாய்விட்டே கேட்டுவிட்டேன், வயிற்றில் பிள்ளையா என்று. அவள் பயப்படவே இல்லை அக்கா. சிரித்தாள்.

"எனக்குத்தான் யாரும் தாலி கட்டலயேம்மா, அதெப்படி வரும்?"

உன் தங்கை