உன் இலையில் பேரீச்சங்காய்

நேற்றுக் காலை, சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு எதிரே உள்ள காய்கறிக் கடையில் மஞ்சள் பேரீச்சங்காய் கொத்தோடு தொங்கியது. பழம் அல்ல, காய். கடித்தால் மொறுமொறுவென்று உடைந்து, இனிப்புக்கு முன்னால் துவர்ப்பைக் காட்டும் காய். "துபாய் பக்கத்துலேர்ந்து ஃப்ளைட்ல வந்தது, மேடம்" என்றார் கடைக்காரர். கொத்து முழுவதையும் வாங்கிக்கொண்டேன். நேற்று உன் முதல் வருடத் திதி.

இந்த ஓராண்டாக உன் அக்கா எல்லாரிடமும் ஒன்றையே சொல்லிவருகிறார். "அந்தப் பாலைவனத்துல ஒரு பச்சைக் காய் கிடைக்காது. டின்ல அடைச்சதைத் தின்னே உடம்பைக் கெடுத்துக்கிட்டா, பாவம்." உன் இதயக் கோளாறு பிறவியிலேயே இருந்தது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் பிறவிக் கோளாறைத் திட்ட முடியாது, பாலைவனத்தைத் திட்டலாம்.

முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. துபாயில் உன் வீட்டில் வந்து தங்கிய ஜூலையில், விடிந்ததும் என்னைக் காய்கறிச் சந்தைக்கு இழுத்துப் போனாய். அந்நேரத்துக்கே காற்று அடுப்படி போல இருந்தது. நுனியில் பூ உதிராத வெள்ளரிப் பிஞ்சை என் கையில் வைத்து, "இன்னிக்குப் பறிச்சது. இங்கேயே வெளஞ்சது" என்றாய்.

"கூடாரத்துக்குள்ள ஏர்கான் போட்டு வளர்க்குறது விவசாயமா?"

"நம்ம ஊர்ல மட்டும் என்ன லா? தேக்காவுல விக்கிறதுல எது சிங்கப்பூர்ல வெளஞ்சது, சொல்லு. கீரையை விட்டுட்டுச் சொல்லு."

கார் வரைக்கும் யோசித்து, "முட்டை" என்றேன்.

"சரி, ஜெயிச்சிட்டீங்க, டாக்டரம்மா."

நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிக்கவும் உனக்கென்று ஒரு வழி இருந்தது. மதியம் எங்கே சாப்பிடுவார் என்று வெள்ளரி விற்றவரிடமே கேட்டாய். அவர் கைகாட்டிய இடம், டயர்க் கடைகளுக்குப் பின்னால், நமக்குப் படிக்கத் தெரியாத பெயர்ப்பலகையோடு இருந்தது. பிளந்த மீனை மசாலா தடவிச் சுட்டு, மடியை மூடும் அளவு ரொட்டியின்மேல் போட்டுக் கொடுத்தார்கள். கடையைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நான் தேடத் தொடங்கினேன். "ஃபோனை உள்ள வை. காலைலேர்ந்து மூட்டை தூக்குறவர் மோசமான சாப்பாட்டுக்கு இவ்வளவு தூரம் நடப்பாரா?" இன்று வரை உன் வழியைப் பொய்யாக்க இங்கே முயன்றுவருகிறேன். முடியவில்லை.

நேற்று செங்காங்கில் அக்கா வீட்டில், உன் படத்துக்கு முன்னால் அக்கா இலை போட்டிருந்தார். மீ கோரிங் நூடுல்ஸ், கறி பஃப், மட்டன் பிரட்டல். எல்லாம் நாம் ஒன்றாகப் படித்த பல்கலைக்கழக நாட்களில் நீ விரும்பியவை. காய்களைக் கழுவி இலையின் ஓரத்தில் வைத்தேன்.

"இது என்னம்மா?"

"அவ ஊர்க் காய், அக்கா."

"அவ ஊர் இதும்மா."

"அதுவும்தான்."

உன் சித்தப்பா கற்பூரத்தட்டோடு நின்றார். "படையல்ல போய் அரபுக் காயா? எடுத்துடும்மா, அப்புறம் சாப்பிட்டுக்கலாம்."

நான் குரலை உயர்த்தவில்லை. "செத்தவங்களுக்குப் பிடிச்சதைத்தானே வைக்கிறோம், சித்தப்பா? மீ கோரிங்கை அவ விட்டுப் பல வருஷமாச்சு. அவ அங்க பட்டினி கிடக்கலை. நம்மளவிட நல்லாச் சாப்பிட்டா. பிடிச்சுத்தான் இருந்தா."

அக்கா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட இதெல்லாம் அவ சொன்னதே இல்லையே."

"எப்ப திரும்பி வர்றேன்னு மட்டும்தானே அக்கா கேட்டீங்க?"

அவர் அழுதார். எனக்கும் கஷ்டமாக இருந்தது. சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. காய் இலையிலேயே இருக்க, சித்தப்பா கற்பூரம் ஏற்றினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் சித்தப்பா யாருடனோ ஃபோனில், "பாலைவனத்துல தனியாக் கிடந்து, பாவம்..." என்று தொடங்கினார். குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு போய் அவர் எதிரே நின்றேன். அவர் நிறுத்தினார். இன்னும் பலர் அப்படித்தான் பேசுவார்கள். ஒவ்வொருவர் எதிரேயும் போய் நிற்பேன்.